பிள்ளை யாரிடம்? வன்முறையை விசாரிக்காமல் எழுதப்படும் உத்தரவுகள்

ராஜகுளம் போன்ற ஒரு சிற்றூரில், கணவனின் அடி உதைக்குத் தப்பிக் குழந்தையோடு தாய்வீடு திரும்பிய பெண் சட்டத்தை நாடினால், ஒரே துயரத்தை இரண்டு இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்டதைக் குற்றவியல் நடுவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்பதைக் குடும்ப நல நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ சொல்ல வேண்டும். முதல் நீதிமன்றத்தின் கோப்பு இரண்டாவது நீதிமன்றத்தின் மேசைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. வன்முறை வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே, குறிப்பிட்ட நாட்களில் தந்தை பிள்ளையைச் சந்திக்கலாம் என்னும் இடைக்கால உத்தரவு பிறந்துவிடக்கூடும். அடித்தாரா இல்லையா என்னும் கேள்விக்கு அதுவரை எவரும் விடை கண்டிருக்கமாட்டார்கள்.

பிரிந்து வாழும் பெற்றோருக்கிடையே பிள்ளையின் பராமரிப்பை முடிவுசெய்யும் வழக்குகளில் இன்று உள்ள அடிப்படைக் கோளாறு இந்த வரிசைப் பிறழ்வுதான். தாய்க்குச் சாதகமா, தந்தைக்குச் சாதகமா என்று தீர்ப்புகளை எண்ணிப் பார்ப்பதால் இக்கோளாறு புலப்படாது. வன்முறைக் குற்றச்சாட்டு எழுந்த வழக்கில் அதன் உண்மையை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே பராமரிப்பையும் சந்திப்பையும் முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவையான கருவிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன.

சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

இந்தியாவில் பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளுக்கு அடிப்படையான சட்டம் 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம். காலனி ஆட்சியில் இயற்றப்பட்ட இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, காப்பாளராக வர விரும்புபவரின் குணநலனையும் தகுதியையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது. பகுத்தறிந்து விருப்பம் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாம் என்றும் கூறுகிறது. இந்துக்களுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டின் இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையே இயற்கைக் காப்பாளர், ‘அவருக்குப் பின்’ தாய் என்று எழுதிவைத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்ற விதிவிலக்கு மட்டும் அதில் இடம்பெற்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என விளக்கியது.

இவ்விரு சட்டங்களுமே பிள்ளையின் நலனை முன்னிறுத்துகின்றன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதுவே தலையாய கருதற்பொருள் என்கிறது. ஆனால் குடும்ப வன்முறை என்ற சொல் இரண்டிலுமே இல்லை. நலன் என்பதற்குள் வன்முறையைச் சேர்ப்பதும் சேர்க்காததும் தனிப்பட்ட நீதிபதியின் பார்வையைப் பொறுத்த செய்தியாகிவிட்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் 21ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைக்கக் குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். எதிர்மனுதாரர் பிள்ளையைச் சந்திப்பது பிள்ளைக்குத் தீங்கு விளைவிக்கும் என்று நடுவர் கருதினால், அச்சந்திப்பை மறுத்தே ஆக வேண்டும். மறுக்கலாம் என்றல்ல, மறுக்க வேண்டும் என்பதே சட்டத்தின் மொழி. 23ஆம் பிரிவு அவசர நிலையில் எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்கால உத்தரவு வழங்க இடம் தருகிறது. முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு.

26ஆம் பிரிவோ இச்சட்டத்தின் நிவாரணங்களைக் குடும்ப நல நீதிமன்றத்திலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் கேட்டுப் பெறலாம் என்கிறது. பிரிந்து கிடக்கும் இரண்டு கோப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வழி சட்டத்திலேயே இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இறந்த தாயும் உயிரோடிருக்கும் தாயும்

வன்முறைக்கும் பராமரிப்புக்கும் உள்ள தொடர்பை உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசிய இரண்டு வழக்குகளை இங்கே நினைவுகூரலாம். 1992இல் முடிவான ஒரு வழக்கில், தாய் இயற்கைக்கு மாறான முறையில் இறந்திருந்தார். கணவர் மீது கொடுமைக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தது. தந்தையோடு செல்ல விருப்பமில்லை என்று பிள்ளைகள் நீதிபதிகளிடம் கூறினர். அவர்களைத் தாய்மாமனிடமே விட்டுவைத்தது உச்ச நீதிமன்றம். 2008இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், வரதட்சணைக் கொடுமை, வரதட்சணை மரணம் ஆகிய குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டிருந்த தந்தையிடம் பிள்ளையை ஒப்படைத்த கீழமை நீதிமன்றங்களின் முடிவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. நிலுவையில் உள்ள குற்ற வழக்கைக் கருதாமல் ஒருவரின் குணநலனை எடைபோட முடியாது, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் விட்டதும் பிழை என்று கூறி, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டது.

இரண்டுமே போற்றத்தக்க தீர்ப்புகள். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல், குற்றச்சாட்டின் கனத்தைப் பராமரிப்பு வழக்கில் எடைபோட வேண்டும் என்னும் நெறியை இவை நிலைநாட்டுகின்றன. ஆயினும் இரண்டிலும் தாய் உயிரோடு இல்லை. இறந்த பெண்ணின் துயரத்தை எடைபோடுவதற்கு நீதிமன்றத்துக்குத் தயக்கம் இல்லை. உயிரோடு வந்து நின்று, அடித்தார் என்று சொல்லும் பெண்ணிடமோ, பிள்ளையைப் பறித்துக்கொள்ளச் சொல்கிறீர்களா என்னும் ஐயம் முதலில் எழுகிறது. இதே நெறி உயிரோடிருக்கும் பெண்ணுக்கும் பொருந்த வேண்டும் என்பதை வழக்காடும் ஒவ்வொருவரும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இந்த ஐயத்துக்கு அண்மைக் காலத்தில் ஒரு பெயரும் கிடைத்துள்ளது. ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளையின் மனத்தைத் திருப்புவதைப் ‘பெற்றோர் அந்நியப்படுத்தல்’ என்கிறார்கள். 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இக்கருத்து இடம்பெற்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இதனைப் பிள்ளைக்கு இழைக்கப்படும் மனிதத்தன்மையற்ற செயல் என்று கண்டித்தது. பிள்ளையை ஆயுதமாக்கும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தந்தையைக் கண்டு அஞ்சினால், அந்த அச்சத்தையும் தாயின் போதனை என்று படிக்க இக்கருத்து வழிவிடுகிறது. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023இல் மனித உரிமைகள் பேரவைக்கு அளித்த அறிக்கை, இக்கருத்தைப் பராமரிப்பு வழக்குகளில் பயன்படுத்துவதைத் தடைசெய்யுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2024 மே மாதம் நம் உச்ச நீதிமன்றமும், குறிப்பிட்ட நடத்தைகளை அடையாளம் காணாமல் அவசரப்பட்டு ஒரு பெற்றோர் மீது அந்த முத்திரையைக் குத்தலாகாது என்று எச்சரித்தது. அவ்வழக்கில் அந்தக் குற்றச்சாட்டை எழுப்பியவர் தாய், முத்திரையிலிருந்து காக்கப்பட்டவர் தந்தை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெறி இரு பாலருக்கும் பொது.

சந்திப்பு எங்கே, யார் செலவில்?

2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை விருந்தினராகக் கருதிச் சிற்றுண்டியும் உணவும் தர வேண்டும் என்று பிரிந்து வாழும் மனைவிக்கு அறிவுறுத்தினார். அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கியது. அதே 2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா வேறொரு வழக்கில், கணவரை வீட்டிலிருந்து வெளியேற்றுவதே வீட்டின் அமைதிக்கு ஒரே வழி என்றால் நீதிமன்றம் அவ்வாறு உத்தரவிடத் தயங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அடங்காத கணவரோடு ஒரே கூரையின்கீழ் அஞ்சி வாழும்படி மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஒரே நீதிமன்றத்தில், சில வார இடைவெளியில், ஒருவர் உபசரிப்பைப் பேசினார், மற்றவர் அச்சத்தைப் பேசினார். ஒரு பெண்ணுக்கு எந்தப் பார்வை வாய்க்கும் என்பது அவரது வழக்கு எவர் முன் வருகிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

வசதியுள்ள குடும்பங்களில் சந்திப்பு என்பது வார இறுதி ஏற்பாடு. உத்திரமேரூர் வட்டாரத்தின் உழைக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. நெல் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவரும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் ஷிஃப்டுக்குப் போகிறவரும், பிள்ளையை அழைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்துக்கு வர வேண்டும். அன்றைய கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும். தன்னை அடித்தவரை ஒவ்வொரு முறையும் நேரில் பார்க்க வேண்டும். ஒருமுறை வர இயலாமல் போனால், நீதிமன்ற உத்தரவை மதிக்காதவர் என்ற பெயர் கோப்பில் ஏறும். வன்முறையை மெய்ப்பிக்கும் சுமையோடு சந்திப்பைச் சாத்தியமாக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுகிறது.

‘தகுதி’ என்னும் பழைய அளவுகோல்

உத்திரமேரூரின் பெயரை உலகறியச் செய்தவை முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவற்றை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைகளில் புகழ்வது வழக்கம். வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும் என்று அக்கல்வெட்டுகள் வகுத்த தகுதிகளை அப்போது பெரும்பாலும் எவரும் வாசிப்பதில்லை. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. வயலில் உழைத்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்க இயலாது.

நிலம், வீடு, கல்வி என்னும் அந்த மூன்று அளவுகோல்களும் இன்றைய பராமரிப்பு வழக்குகளில் பிள்ளையின் நலன் என்ற பெயரில் திரும்பி வருகின்றன. யாருக்குச் சொந்த வீடு உண்டு, யாருக்கு மாத வருமானம் உண்டு, எவர் வீட்டில் படிப்புச் சூழல் உண்டு என்று கேட்கப்படுகிறது. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட சமூகத்தின் பெண், ஊருக்கு வெளியே புறம்போக்கிலோ தொகுப்பு வீட்டிலோ பெற்றோரோடு தங்கியிருக்கும் பெண், இக்கேள்விகளுக்கு முன் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறார். கேள்வியில் சாதி என்ற சொல் இல்லை. விடையில் சாதி இருக்கிறது. பொருள் வசதி ஒரு கருதற்பொருள்தான், அதுவே முடிவைத் தீர்மானிக்கும் ஒரே காரணி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. அதைக் கீழமை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

சான்றுகளின் நிலையும் இதுவே. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு தழுவிய அளவு 29.3 விழுக்காடு. இத்தனை வீடுகளில் நடப்பதில் பெரும்பகுதி காகிதத்தில் ஏறுவதில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவமனைக்குப் போனால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லவைக்கிறது கூட வந்த உறவு. ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சுக்கு எழுத்துப் பதிவு கிடையாது. பின்னர் நீதிமன்றம் ஆவணம் கேட்கும்போது இவரிடம் காட்ட எதுவும் இருக்காது. அப்போதே ஏன் புகார் தரவில்லை என்னும் கேள்வி மட்டும் மிஞ்சும்.

பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே சட்டத்தில் வைக்கப்பட்டது. பெரும் பரப்புள்ள ஒரு மாவட்டத்தின் கடைக்கோடிக் கிராமத்துக்கு அந்த அலுவலரின் கை எட்டுவதில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவில் மட்டுமல்லாமல் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்திரமேரூர் வட்டத்துக்கென ஓர் அலுவலர் இருக்கிறாரா, அவரது பெயரும் தொலைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகப் பலகையில் இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை ராஜகுளத்தில் வாழும் எவருக்கும் உண்டு.

சாதிச் சான்றிதழும் பிள்ளையும்

சாதி மறுப்புத் திருமணம் முறியும்போது பராமரிப்பு வழக்குக்கு இன்னொரு விளைவும் உண்டு. பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது அதன் சமூக அடையாளத்தையும் தொடுகிறது. தந்தை சாதி இந்து, தாய் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்னும் நிலையில், பிள்ளைக்குத் தந்தையின் சாதியே என்னும் அனுமானம் இறுதியானதல்ல என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தாயின் சமூகத்தில் வளர்ந்து, அச்சமூகத்துக்குரிய இழிவுகளையும் இழப்புகளையும் அனுபவித்ததைப் பிள்ளை நிறுவினால், தாயின் சாதியைக் கோரலாம். 2024 டிசம்பரில் முடிவான மணமுறிவு வழக்கில் நிலைமை எதிர்மாறானது. தந்தை பட்டியல் சாதி, தாய் அல்லர், பிள்ளைகள் தாயிடம் வளர்ந்தனர். திருமணத்தால் தாய் பட்டியல் சாதியினர் ஆகிவிடமாட்டார், பிள்ளைகளுக்கு அச்சான்றிதழ் உரியது என்று உச்ச நீதிமன்றம் கூறி, அதைப் பெற்றுத்தரும் பொறுப்பைத் தந்தையிடம் ஒப்படைத்தது.

வன்முறைக்குத் தப்பி வந்த தலித் தாய், பிள்ளையின் சான்றிதழுக்காகக் கணவரின் கையொப்பத்தையோ ஆவணத்தையோ எதிர்பார்த்து நிற்கும் நிலை ஏற்பட்டால், அது வன்முறையின் தொடர்ச்சியே. கல்வி உதவித்தொகையும் விடுதி இடமும் அந்தக் காகிதத்தில்தான் தொங்குகின்றன. பராமரிப்பு உத்தரவிலேயே சாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றைப் பெறும் அதிகாரத்தைத் தாய்க்கு வெளிப்படையாக வழங்குமாறு மனுவில் கோர வேண்டும். கோரப்படாத நிவாரணம் கிடைப்பது அரிது.

பொய்ப் புகார் என்னும் எதிர்வாதம்

வன்முறைக் குற்றச்சாட்டுக்கு முதலிடம் தந்தால் பொய்ப் புகார்கள் பெருகும் என்பார்கள். பொய்ப் புகார்களே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், மகளின் பராமரிப்பைப் பெறுவதற்காகத் தந்தை மீது தாய் தொடுத்த போக்சோ வழக்கைப் பொய்யெனக் கண்டு ரத்துசெய்ததோடு, புகார் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. 

இன்னொன்றையும் நம் தரப்பு மறக்கலாகாது. ஆதிக்கச் சாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் மீது பெண் வீட்டார் கடத்தல் வழக்கும் பாலியல் வழக்கும் தொடுப்பது தமிழ்நாட்டில் பழகிப்போன தந்திரம். மணவாழ்வைக் குலைத்த பின், பிள்ளையைத் தந்தையின் கண்ணில் காட்டாமலிருக்கவும் அதே தந்திரம் பயன்படக்கூடும். குற்றச்சாட்டு விசாரிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கினால் அந்தத் தந்தையும் பாதிக்கப்படுகிறார். விரைவான உண்மையறியும் விசாரணை, பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அதே அளவு பாதுகாப்பு. குற்றச்சாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும், கண்ணை மூடிக்கொண்டு புறந்தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

உலகம் திரும்பும் திசை

இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் அளித்த 257ஆம் அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பை ஒரு தெரிவாகச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இருவருக்கும் சம உரிமை என்ற முழக்கமும் வலுத்து வருகிறது. அந்த வழியில் முன்பே நடந்த நாடுகளின் அனுபவத்தை இங்கே பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா 2006இல் பெற்றோர் இருவருக்கும் சமமான கூட்டுப் பொறுப்பு என்னும் அனுமானத்தைச் சட்டமாக்கியது. வன்முறை நிறைந்த குடும்பங்களில் அது பிள்ளைகளை ஆபத்தில் தள்ளியது என்ற விமர்சனங்களுக்குப் பின், 2024 மே மாதம் முதல் அந்த அனுமானம் நீக்கப்பட்டது. பிரிட்டனில் இரு பெற்றோரின் ஈடுபாடும் பிள்ளைக்கு நன்மையே என்னும் சட்ட அனுமானத்தை நீக்கப்போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. தமிழர் பெருமளவில் வாழும் கனடாவில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட மணமுறிவுச் சட்டம், பிள்ளையின் நலனைக் கணிக்கும்போது குடும்ப வன்முறையைக் கருதியே ஆக வேண்டும் என்கிறது. அடித்தலோடு, மிரட்டிக் கட்டுப்படுத்தும் நடத்தையையும் அது வன்முறையில் சேர்க்கிறது. அவர்கள் கழற்றி வைக்கும் சட்டையை நாம் புதிதென்று அணிந்துகொள்ள வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, களத்தில் உள்ளவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, குடும்ப வன்முறை மனுவை அடிபட்ட ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவரும் விசாரிக்கலாம். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண் கணவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, அந்த மனுவிலேயே 21ஆம் பிரிவின்கீழ்ப் பராமரிப்பையும், சந்திப்பால் தீங்கு உண்டு எனில் அதை மறுப்பதையும் கோர வேண்டும். பராமரிப்பு வழக்கு வேறு நீதிமன்றத்தில் நடந்தால், நிகழ்வு அறிக்கையையும் நடுவரின் உத்தரவுகளையும் அங்கே தாக்கல் செய்து, சந்திப்பு குறித்து முடிவெடுக்கும் முன் வன்முறை குறித்து விசாரிக்குமாறு எழுத்துமூலம் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டது மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் அதுவே பிடிமானம்.

மூன்றாவதாக, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098.

நான்காவதாக, சட்டக் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. மருத்துவச் சீட்டு, காவல் நிலைய மனு ரசீது, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், பள்ளி ஆசிரியர் கவனித்தவை ஆகியவற்றைத் தேதிவாரியாகத் தொகுத்துப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்க உதவுவது. ஒரு கிராமத்தில் இரண்டு மாணவர்கள் இதைப் பழகிக்கொண்டால், அவ்வூரின் பெண்கள் வெறுங்கையோடு நீதிமன்றப் படியேற மாட்டார்கள்.

நீதிமன்றங்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. சந்திப்பு நாளைக் குறிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த வீட்டில் என்ன நடந்தது? அதற்கு ஓர் விடை எழுதப்பட்ட பிறகு, தந்தையிடமோ தாயிடமோ பிள்ளையை அனுப்பட்டும். விடை எழுதப்படாத வழக்கில் அனுப்பப்படும் பிள்ளைக்கு, அங்கே என்ன காத்திருக்கிறது என்பது உத்தரவில் கையொப்பமிட்டவருக்கே தெரியாது.